தண்டையார்பேட்டை வேனைப் பனிக்குத் தயார் செய்த கதை

போன மாதம் மட்டும் நான்கு பேர் மின்னஞ்சலில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சென்னை வண்டியை டிசம்பர், ஜனவரியில் இமயமலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போக முடியுமா, போவதானால் வண்டிக்கு என்னென்ன செய்துகொள்ள வேண்டும்? முடியும் என்பதுதான் பதில். வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். ஆனாலும் அந்தப் பயணத்தை எழுத உட்காரும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். வேளாங்கண்ணி, கொடைக்கானல், ஏற்காடு என்று சுற்றி வந்ததையெல்லாம் இந்த வலைப்பதிவில் வளவளவென்று எழுதியவன், இதை மட்டும் பதினோரு மாதமாகத் தள்ளிப்போட்டேன். இன்று பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்டிய காசுக்காகவாவது முடித்துவிடுவேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுற்றுலா இல்லை. என் தம்பி கௌதமனை வீட்டுக்குக் கூட்டி வரப் போனோம்.

கௌதமன் வெல்டர். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கும் அளவுக்குக் கை தேர்ந்தவன். அத்திப்பட்டிலும் நெட்டுக்குப்பத்திலும் இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. இந்தியாவில் எங்கே மின் நிலையம் கட்டினாலும் இவர்களுக்கு போன் வரும். அப்படித்தான் இமாசலப் பிரதேசத்தில் கின்னோர் மாவட்டத்தில் ஒரு நீர்மின் திட்டத்துக்குப் போனான். 2006 டிசம்பர் முதல் வாரத்தில், சாரத்தில் பனி படிந்திருந்ததைக் கவனிக்காமல் காலை வைத்து, இருபது அடிக்குக் கீழே விழுந்தான்.

இடுப்பெலும்பும் இடது தொடையும் உடைந்தன. நெஞ்சுக்குக் கீழே தொடங்கி இரண்டு கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கால்கள் இரண்டையும் அகட்டி, நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து அசையாமல் வைத்திருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே. அதிலும் இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும், அதுவரைக்கும் அந்தப் பாதத்துக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டால் நன்றாக நடப்பான் என்று அங்கிருந்த டாக்டர் போனில் என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

அவனைப் புரட்டிப் போட, மலம் எடுக்க, சோறு ஊட்ட ஒரு ஆள் கூடவே வேண்டும். இரண்டு மாதத்துக்கு அங்கே யார் இருப்பது? அவன் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம். படுத்த வாக்கில் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். ரயில் முடியவில்லை. அகட்டி வைத்த கால்களோடு ரயில் பெட்டியின் நடைவழியில் திரும்பவே முடியாது என்று அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். டெல்லியில் வண்டி வாடகைக்குக் கேட்டோம். ஒரு வழிக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நான் போனை வைத்தேன்.

அப்போதுதான் ஏழுமலை வந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் தோஸ்து. மணலியில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பன்னிரண்டு சீட் டீசல் வேன் அவனுடையது. என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமலே சொன்னான்.

“சீட்டெல்லாம் கழட்டிப் போட்டா கௌதமன் காலை நீட்டிப் படுக்கலாம் மாமு. மலைக்கு இன்னா, நானே ஓட்டிகினு வரேன். குளிர்தான் எனக்குத் தெரியாது. நீதான் பட்ச்சவன், கேட்டுகினு வா.”

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கிளார்க். எனக்கும் குளிர் தெரியாது. தெரிந்தவர்கள் இருக்கும் இடம் தெரியும். எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில நாள் திருவொற்றியூர் வரைக்கும் நிற்கும். வடக்கத்தி டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வரிசையில் நடந்து, பனியில் ஓட்டியவர் யாராவது உண்டா என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். பதினேழாவது லாரியில் பல்வீந்தர் என்ற பஞ்சாபி டிரைவர் கிடைத்தார். பதினெட்டு வருடம் மலையில் ஓட்டியவர்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் கூடாது. உறைந்தால் விரிந்து இஞ்சினையே பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட் ஊற்ற வேண்டும். சமவெளி டீசல் குளிரில் கட்டியாகும். அதனால் சிம்லா தாண்டினதும் மலை பங்க்கில் நிரப்பிக்கொள்ள வேண்டும், அதுவரைக்கும் பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கலக்க வேண்டும். இஞ்சின் ஆயில் மெல்லியதாக இருக்க வேண்டும். பேட்டரி புதிதாக இருக்க வேண்டும். பனியில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, பிடித்துக்கொண்டு விடாது. சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். ரேடியேட்டருக்கு முன்னால் பாதி அட்டை கட்ட வேண்டும். கடைசியாக ஒன்றை விரல் நீட்டிச் சொன்னார். காற்றடித்தால் வண்டியின் மூஞ்சியைக் காற்றுக்குக் காட்டாதே, முதுகைக் காட்டு. இஞ்சின் சூடு போகாது. நான் எல்லாவற்றையும் ஒரு பழைய ஷிப்பிங் பில்லின் பின்பக்கம் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

தண்டையார்பேட்டையில் சலீம் பாயின் ஒர்க்‌ஷாப்பில்தான் ஏழுமலையின் வண்டிக்கு எப்போதும் வேலை நடக்கும். அகலம் பத்தடி, நீளம் நாற்பதடி. உள்ளே வண்டி போனால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். பாய் என் பட்டியலை வாங்கி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நாற்பது வருடமாக வண்டியைக் குளிர வைக்கத்தான் பாடுபட்டேன், இப்போது சூடு பண்ணச் சொல்கிறீர்களே என்று அலுத்துக்கொண்டாலும், அன்றைக்கே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒன்பது நாள் வேலை. கூலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கௌதமன் அவருடைய ஒர்க்‌ஷாப் கேட்டைப் பற்றவைத்துக் கொடுத்தவன்.

ஆயில், பேட்டரி, கூலன்ட், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் நான்கும் புதிது என்று எல்லாம் மாற்றியாயிற்று. புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட ஒரு மலைப்பிரதேச ஜீப்பிலிருந்து, உள்ளே சூடான காற்று விடும் ஹீட்டர் பெட்டி ஒன்றை வாங்கி வந்து முன்னால் பொருத்தினார். ஆனால் சென்னை வெயிலில் நின்றுகொண்டு இதெல்லாம் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. கின்னோரில் போய்த் தெரிந்துகொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

வழி காட்டியது காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு குளிர்கிடங்கின் ஏற்றுமதிக் காகிதங்கள் எங்கள் அலுவலகம் வழியாகத்தான் போகும். அங்கே ஒரு அறையைக் கழுவுவதற்காகக் காலி செய்து வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். டயரைக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள், மறுநாள் கழுவுகிறவர்கள் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் கதவுக்கும் வண்டிக்கும் இரண்டிரண்டு அங்குலம் இடைவெளி. டிசம்பர் 20, மாலை 4 மணிக்கு வேனை உள்ளே தள்ளி, மைனஸ் பத்து வைத்துக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் காலை 9 மணிக்குத் திறந்தோம். மூன்று பேரும் மூன்று மப்ளர் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு உள்ளே போனோம். ஏழுமலை சாவியைத் திருப்பினான். செல்ஃப் முனகியது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் கலக்க மறந்திருந்தோம். டாங்கைத் திறந்து பார்த்தால் டீசல் மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி வெண்மையாகக் கிடந்தது. ஆறு பேர் சேர்ந்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். மீன் ஏற்ற வந்தவர்கள் வேனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஐஸில் வைத்த வண்டி என்ன விலை என்று கேட்டார்கள்.

22ஆம் தேதி இரண்டாவது தடவை. சூப்பர்வைசரிடம் கெஞ்சி மேலும் சில நாள் அவகாசம் வாங்கியிருந்தேன். மண்ணெண்ணெய் கலந்து, அதே அறை, அதே மைனஸ் பத்து. காலையில் ஒரே திருப்பில் வண்டி உயிர் பிடித்தது. ஏழுமலை ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். ஆனால் அறைக் கதவைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஓட விட்டும் சூடு காட்டும் முள் எழவே இல்லை. ஹீட்டர் ஜில்லென்று காற்று விட்டது. பாய் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே போய் ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போனதும் தலை நிமிராமல் சொன்னார்.

“வால்வு இல்ல நைனா. எட்டு வருசம் முன்னாடி நான்தான் கழட்டிப் போட்டேன். இங்க எல்லா வண்டிக்கும் கழட்டிப் போட்டுகினுதான் கீறேன்.”

விஷயம் இதுதான். இஞ்சின் தேவையான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைக்க, தெர்மோஸ்டாட் என்ற ஒரு சின்ன வால்வு இருக்கிறது. சென்னையில் அது எதற்கு? சிக்கிக்கொண்டால் இஞ்சின் கொதித்துவிடும் என்று, புது வண்டி வந்தவுடன் முதல் காரியமாக அதைக் கழற்றிக் கடாசிவிடுவது எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் வழக்கம். பத்து வருடம் வண்டி வைத்திருப்பவனுக்குக்கூட அது இல்லை என்று தெரியாது. நீங்கள் சென்னை வண்டியை மலைக்கு எடுத்துப் போவதானால் உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. புதுப்பேட்டையில் 350 ரூபாய்க்கு வால்வு கிடைத்தது. மூன்றாவது தடவை குளிர்கிடங்கில் சோதித்தபோது இருபதாவது நிமிடத்தில் ஹீட்டரிலிருந்து அனல் வந்தது. பாய் கையை அதில் காட்டியபடி ரொம்ப நேரம் நின்றார்.

பிறகு படுக்கை. சீட்டுகளை எடுத்துவிட்டு, மாவுக்கட்டின் அகலத்துக்கு மரக்கட்டிலை போல்ட் போட்டு இறக்கினோம். தலை டிரைவர் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். ஹீட்டர் முன்னால் இருப்பதால், அங்கிருந்து படுக்கை வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் இழுத்தார் பாய். அதன் வாயை எந்தப் பக்கம் விடுவது என்று கேட்டார். நான், ஏழுமலை, பார்க்க வந்திருந்த செல்வி, மூன்று பேரும் ஒரே குரலில் தலைமாட்டில் என்றோம். பாயும் அதைத்தான் நினைத்திருந்தார்.

பனி தலை வழியாகத்தான் இறங்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி விடிகாலையில் எங்கள் தெருவைப் பாருங்கள். தலையில் குரங்குக் குல்லா, காதில் பஞ்சு, கழுத்தில் மப்ளர், காலில் ரப்பர் செருப்பு. செல்வி இரண்டு குல்லாவும் ஒரு பொட்டலம் பஞ்சும் கொடுத்து அனுப்பினாள். காதை மட்டும் மூடிவைத்துக் கூட்டி வாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

2007 ஜனவரி 4, காலை 5.10க்குத் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி, மாதவரம், செங்குன்றம் வழியாக நெடுஞ்சாலை ஏறினோம். நானும் ஏழுமலையும் மட்டும். ஓங்கோல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, சிம்லா. ஏழுமலை ஓட்ட, நான் வழி கேட்க, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் நிறுத்தினோம். வழியெல்லாம் ஒன்றும் ரசிக்கவில்லை, எழுதுவதற்கும் ஒன்றுமில்லை. சிம்லாவுக்குப் பிறகு சட்லெஜ் ஆற்றை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். கன்டெய்னர்களுக்கு நடுவே ஓட்டிப் பழகிய ஏழுமலைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. 8ஆம் தேதி மாலை 5.30க்குத் திட்ட ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். 2,810 கிலோமீட்டர். வண்டி ஒரு இடத்தில்கூட முனகவில்லை.

கௌதமன் இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். வேனைப் பார்க்க வேண்டும் என்றான். ஜன்னல் வழியே காட்டியதும் அழுதுவிட்டான். அவனைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது எல்லாம் ஒரு மலையாள நர்ஸ் எங்களுக்கு ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை இரண்டு கால் விரல்களையும் தொட்டுப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன்.

10ஆம் தேதி காலை 6.30க்குக் கிளம்பினோம். வெளியே மைனஸ் எட்டு. கௌதமனுக்குக் குல்லா, பஞ்சு, மப்ளர், கழுத்துவரைக்கும் இரண்டு கம்பளி. அகட்டி வைத்த கால்களுக்கு மேல் கம்பளி முழுசாகப் படியவில்லை. பாதங்களின்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டோம். பின்கதவின் ரப்பரில் ஓர் இடத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. சென்னையிலேயே பார்த்திருந்தேன். அது இஞ்சின் சம்பந்தப்பட்டதில்லை, அதனால் என் பட்டியலில் இல்லை.

8.15க்குச் சாலையில் பாறை சரிந்து கிடந்தது. முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். மழையும் பனியும் கலந்து கொட்ட ஆரம்பித்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று. நான் ஷிப்பிங் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏழுமலை நான்கு தடவை முன்னும் பின்னும் போய், வண்டியைத் திருப்பி, மூஞ்சியைப் பாறைக்கும் முதுகைக் காற்றுக்கும் காட்டி நிறுத்தினான். ஹேண்ட் பிரேக் போடாமல் கல் வைத்தோம். ரேடியேட்டருக்கு அட்டையைக் கட்டினோம். மணிக்கு ஒரு தடவை பதினைந்து நிமிடம் இஞ்சினை ஓட விட்டோம். சூட்டு முள்ளைப் பார்த்தேன், ஆயில் முள்ளைப் பார்த்தேன், கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பக்கத்து வண்டிகளில் இரண்டு ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டன. எங்களுடையது ஒவ்வொரு தடவையும் ஒரே திருப்பில் எடுத்தது. மெட்ராஸ் வண்டியா என்று ஒரு டிரைவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் இருவருக்கும் பெருமையாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

பதினோரு மணிக்கு மேல் கௌதமன் கூப்பிட்டான்.

“அண்ணே, வலது காலு ஜில்லுனு கீதுண்ணே. வெரலெல்லாம் கொடையுது.”

பின்னால் போய் அவனுடைய வலது பாதத்தை என் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தேன். என் மப்ளரைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினேன். இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். மடித்த போர்வையை மறுபடி மேலே போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன். இடது பாதம் ஒரு முழம் தள்ளி, கதவிடுக்குக்கு நேராக இருந்தது. அதை நான் தொடவில்லை. அவனும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை வலது கால் எப்படி இருக்கிறது என்று முன்னாலிருந்தபடியே விசாரித்தேன்.

மாலை 4.40க்குச் சாலை திறந்தது. வழியில் அடுத்த பெரிய ஊரான ராம்பூர் வந்து சேர்ந்தபோது ஏழு மணி இருக்கும். டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தி, அவனுக்கு டீ ஊட்டுவதற்காக ஏழுமலை பின்கதவைத் திறந்தான். டம்ளரை அப்படியே பம்பர்மேல் வைத்துவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முப்பது வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாமுதான்.

கதவிடுக்கு வழியாக வந்த ஈரப் பனி போர்வையின் இடது பக்கத்தை நனைத்து, அது பிறகு அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது. அதை எடுத்தால் இடது கால் விரல்கள். பெருவிரலும் அடுத்ததும் சிவந்திருந்தன. மற்ற மூன்றும் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையாக இருந்தன. தொட்டால் மரக்கட்டை. கௌதமன் தலையைத் தூக்க முடியாமல், குல்லாவுக்குள்ளிருந்து, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டான். டீ ஆறுகிறது என்றான்.

ராம்பூரில் ஒரு டாக்டர் வெந்நீரில் பாதத்தை வைத்தார். கொப்புளம் வரும், உடைக்காதீர்கள், எது பிழைக்கும் எது பிழைக்காது என்று சில வாரம் போனால்தான் தெரியும் என்றார். மணிக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன்.

திரும்பி வந்த ஐந்து நாளும் நான் பின்னால் அவன் காலடியில்தான் உட்கார்ந்து வந்தேன். ஹீட்டர் குழாயை அறுத்துக் கால்மாட்டுக்குத் திருப்பினோம். நாக்பூர் தாண்டினதும் வெயில் வந்துவிட்டது, ஹீட்டரே தேவைப்படவில்லை. 15ஆம் தேதி மத்தியானம் திருவொற்றியூரில் வீட்டு வாசலில் வேன் நின்றது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, முதலில் அவன் காதைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் மூன்று விரல்களையும் எடுத்தார்கள். மார்ச் முதல் வாரம் பெண் குழந்தை பிறந்தது. விரல் எடுத்த கௌதமனைப் பார்க்க சலீம் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, குழாயை நான்தானே தலைப் பக்கம் விட்டேன் என்று அழுதார். நாங்கள் சொல்லித்தானே விட்டீர்கள் என்றேன். ஏழுமலை அந்த வேனைப் பற்றி யார் புகழ்ந்தாலும் இப்போது பேச்சை மாற்றிவிடுகிறான். கௌதமன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, கேட்டவர்களுக்குக் கேட்டதைச் சொல்கிறேன். வண்டிக்கு மேலே எழுதியவை எல்லாம் போதும். ஒன்றும் விட்டுப்போகவில்லை. டீசல் போக வரப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ஜனவரியில் சிம்லாவுக்கு மேல் காலை ஒன்பதுக்கு முன்னால் கிளம்பாதீர்கள், சாலை கண்ணாடியாக இருக்கும். முடிந்தால் ஒரு குளிர்கிடங்கில் சோதித்துவிட்டுப் போங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துவது இஞ்சினுக்கு நல்லதுதான், ஆனால் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்து நிறுத்துங்கள். எல்லாக் கதவு ரப்பரையும் மாற்றுங்கள், இருநூறு ரூபாய்கூட ஆகாது. காதை மூடுவதற்கு முன்னால் காலை மூடுங்கள், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, காய்ந்ததாக. சர்க்கரை நோயாளியோ, வாதம் வந்தவரோ, காலில் உணர்ச்சி குறைந்தவர் யாராவது கூட வந்தால், அவர்களிடம் கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியாது. நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். எனக்கு அப்போது அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டாக்டர் போனில் சொன்னது பலித்தது. செப்டம்பரில் இடது பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான் கௌதமன். இப்போது தொட்டால் தெரிகிறது. தடி ஊன்றி நடக்கிறான். சாரத்தில் ஏற முடியாது. நெட்டுக்குப்பத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தபடி படகு இஞ்சின் பாகங்களைப் பற்றவைக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு இன்னும் சரியாக மடங்காததால் அவனால் குனிய முடியாது.

“அண்ணே, சுண்டு வெரலு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சி வுடேன்” என்றான்.

நான் அவன் இடது காலடியில் உட்கார்ந்தேன். பாதம் வெளிப்பக்கமாகத் தரையில் சாய்ந்திருந்தது. விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் தரையில், நகத்தால் மெதுவாகச் சொறிந்தேன்.

“அங்கதாண்ணே” என்றான்.